மூக்கு சொன்னது

லைட்டரை அடுப்பருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

கேஸ் வாசனை.

லேசாக. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி. வந்தது, போனது, மறுபடி வந்தது.

போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு ரெஜினாவுக்கு எந்த வாசனையும் தெரியாது. காப்பித்தூளும் சாம்பலும் ஒன்றுதான். தோசை கருகுவதைப் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். சோறு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு மூக்கு அவள் புருஷன் செல்வின். தினமும் உப்பளத்துக்குக் கிளம்புமுன் சிலிண்டர் பக்கம் குனிந்து மோந்துபார்த்து, "ஒண்ணுமில்ல" என்பான். இன்று காலை காலி சிலிண்டரை மாற்றிவைத்தவன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று மோந்துபார்க்காமலே ஓடிவிட்டான்.

இது நிஜமா?

பொங்கல் சமயத்தில் இப்படித்தான் துணி கருகும் வாடை வந்தது. வீடெல்லாம் தேடினாள். மொட்டைமாடிக்கு ஓடினாள். எங்கேயும் எதுவும் கருகவில்லை. டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூக்கு திரும்பிவரும்போது கொஞ்சநாள் பொய்யும் சொல்லுமாம்.

கையில் லைட்டர் இருந்தது. டீ வேண்டியிருந்தது. இதுவும் பொய்தான் என்று ஒரு அழுத்து அழுத்திவிடலாம்.

அழுத்தவில்லை. சத்தம் வராமல் மேடைமேல் வைத்தாள்.

ரெகுலேட்டரைத் திருகி அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். பின்வாசலைத் திறந்தாள். ஃபேன் சுவிட்சுக்குப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

பயமாக இருந்தது. பயத்துக்கு நடுவே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அதற்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓடவேண்டிய நேரத்தில் நின்று, இன்னொரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

பிறகுதான் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா வாசலில் நின்று மோந்தாள். உள்ளே வந்தும் மோந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலயேட்டி. கடக்காத்து வேற இப்படி வீசுது."

இப்போது ரெஜினாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. காற்று கொண்டுபோய்விட்டதா? முதலிலிருந்தே இல்லையா?

கிண்ணத்தில் சோப்பைக் கரைத்தாள். அக்காவை வெளியே போய் நிற்கச் சொன்னாள். அடுப்பு மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு ரெகுலேட்டரை மறுபடி திறந்தாள். அது சிலிண்டரில் உட்காரும் இடத்தைச் சுற்றி நுரையை வழித்துவிட்டாள்.

நுரை சும்மா இருந்தது.

சும்மாவே இருந்தது.

கசியவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும். அது தெரிந்தும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது ஓரத்தில் ஒரு குமிழி. கடுகளவு. உப்பியது, உடைந்தது.

அதே இடத்தில் இன்னொன்று.

வாசலிலிருந்து எட்டிப்பார்த்த எஸ்தர் அக்காவுக்கும் அது தெரிந்துவிட்டது.

"பாவி, கசியுதுட்டி. அத மூடிட்டு வெளிய வா மொதல்ல. என்னத்துக்குச் சிரிக்க?"

சிரிக்கிறோம் என்று ரெஜினாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றினாள். வால்வின் மேல் வெள்ளை மூடியை வைத்து அழுத்தினாள். அதற்குமேல் பொறுக்காமல் அக்கா உள்ளே வந்து, அவள் தோளைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கேஸ்காரனுக்கு போனப் போடு. வாரவரைக்கும் அடுப்பு நம்ம வீட்டுல."

ரெஜினா அசையவில்லை. தோளில் இருந்த அந்தக் கையின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, இன்னைக்குச் சாளையா?"

"சாளைக்கு இப்ப என்னட்டி..." என்று தொடங்கிய எஸ்தர் அக்கா பாதியில் நிறுத்தினாள்.

மீன் ஆய்ந்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.