மேலும் தரவு தேவை

இறப்புக் கணக்கெடுக்க வந்த பெண் படிவத்தை விரித்தாள். எதிரே இருந்தவரின் மனைவி போய் இருபது நாள் ஆகியிருந்தது.

"ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாச்சு, ஐயா?"

"ரெண்டு மணி நேரம்."

"அதுவரைக்கும் உயிர்..."

"இருந்துச்சு. வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தா."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. இப்படிக் கேட்டுக் கேட்டு மரத்துப்போன அவளும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள்.

"இந்தப் பகுதிக்குன்னு தனியா ஒரு வண்டி வேணும்னு மூணு வருஷம் முன்னாடியே ஆய்வறிக்கை கொடுத்தோம், ஐயா. வீடு வீடா ஏறி இறங்கி நானூறு சாவை விசாரிச்சு எழுதினது. எல்லாம் கிணத்துல போட்ட கல்லு. யாரோ ஒரு புண்ணியவான் பச்சை மையில, 'மேலும் தரவு தேவை'ன்னு ஒரே வரி எழுதி, கீழ ஒரு கையெழுத்தும் போட்டுத் திருப்பி அனுப்பிட்டார். அதான் மறுபடியும் வர்றேன்."

அவள் படிவத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவள் நீட்டிய பேனாவை அவர் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பச்சை மை. மூன்று வருடமாக அவள் மறக்காத அதே கோணல் கையெழுத்து.

அவள் நிமிர்ந்தாள். அவர் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"நானூத்தி ஒண்ணுன்னு எழுதிக்கம்மா."