மனோரமாவின் ரிப்போர்ட்

"நோய்க்காரிய நம்ம தலையில கட்டிட்டாங்கடா, வேணு!"

போனை வைத்ததும் கமலம்மா போட்ட சத்தத்தில், சாப்பிட உட்கார்ந்த மகன் பாதியில் எழுந்துவிட்டான்.

"யாரும்மா போன்ல?"

"பத்மினிடா. நம்ம ஸ்வர்ணலதாவைக் கட்டிக்கப்போற மாப்பிள்ளையோட அக்கா. திருப்பதியில லேப்ல ரிப்போர்ட் டைப் பண்றா இல்ல? உன் பொண்டாட்டி பேர்ல ஒண்ணு வந்துதாம்."

நாலு நாள் முன்னால் மனோரமா திருப்பதிக்குப் போனது வேணுவுக்குத் தெரியும். உடம்பு வலிக்கிறது, டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றாள். துணைக்கு அவன் தங்கை ஸ்வர்ணலதாவையும் கூட்டிக்கொண்டு பிச்சாட்டூரில் பஸ் ஏறினாள். அவ்வளவுதான்.

"என்னவாம்?"

"ஆன்டி சிசிபின்னு ஒண்ணாம். ரத்தத்துல அது இருபதுக்குள்ள இருக்கணுமாம். இவளுக்கு முன்னூத்தைத் தாண்டிக்கிதாம். அவ்ளோ இருந்தா கை மூட்டு, கால் மூட்டு எல்லாம் சீக்கிரமே அரிச்சி, விரல் கோணிக்குமாம். மொடக்குவாதம்டா! அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல என் மானமே போச்சி."

தோட்டத்துப் பக்கம் மனோரமா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. ஒரு போர்வையை எடுத்து முறுக்க ஆரம்பித்தாள்.

"பேசறாளா பாரு! கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கும். இவளைப் பெத்த அந்த ஏர்பேடுக்காரங்க மறைச்சிட்டாங்க. பொண்ணுக்கு நோவு இருந்தா சொல்லித்தானே கட்டிக் குடுக்கணும்? இப்படியா ஏமாத்துவாங்க?"

"நல்லாத்தானேம்மா இருக்கா. அந்தப் போர்வையை ஒண்டியா முறுக்கிப் பிழியறா பாரு."

"அதான்டா நடிப்பு! மூட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? பெரிய டாக்டர் மாதிரி பேச வந்துட்டான்."

வேணு தோட்டத்து வாசலுக்குப் போனான். "ஏன் மனோரமா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

மனோரமா போர்வையைக் கொடியில் போட்டாள். "நம்பர் அதிகமா இருந்தா உடனே மாத்திரை ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொன்னாரு. இப்பவே ஆரம்பிச்சா மூட்டைக் காப்பாத்திடலாமாம். அது மட்டும் தள்ளிப்போகக் கூடாது."

"அதையெல்லாம் உங்க நைனா வீட்ல போய்த் துன்னு" என்றாள் கமலம்மா. "டேய், இவ அப்பனுக்கு போன் போடு. நாளைக்கே வந்து கூட்டிக்கினு போகட்டும். குணமானா வரட்டும். இல்லன்னா அங்கியே இருக்கட்டும்."

"அத்த, நான் போறேன். சண்டை வேணாம்" என்றாள் மனோரமா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

வேணு போனைக் கையில் எடுத்தான். அப்புறம் மாமனார் நம்பரைத் தேட ஆரம்பித்தான்.

"போடாதண்ணா."

ரூம் வாசலில் ஸ்வர்ணலதா நின்றிருந்தாள்.

"நீ உள்ள போடி" என்றாள் கமலம்மா. "கல்யாணப் பொண்ணு, உனக்கெதுக்கு இந்தப் பேச்சு?"

"அம்மா, அண்ணி ரத்தமே குடுக்கல. குடுத்தது நான்."

வேணு போனைக் கீழே வைத்தான்.

ஸ்வர்ணலதா ரெண்டு கையையும் நீட்டினாள். விரல் கணுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

"மூணு மாசமா காலையில எழுந்தா விரலை மடக்க முடியல. ஜடை கூட அண்ணிதான் பின்னி விடறாங்க. ரத்தம் குடுக்கப் போன எடத்துலதான், அது பத்மினி அக்கா லேபுன்னு தெரிஞ்சிது. உள்ள அவங்கதான் டைப் பண்ணுவாங்க. என் பேரைப் பாத்தா அவ்ளோதான், கல்யாணம் நின்னுடும்னு நான் அழுதேன். அண்ணி சட்டுன்னு அவங்க பேரைச் சொல்லிட்டாங்க."

மனோரமா தலையைக் குனிந்துகொண்டாள், ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி.

கமலம்மா கீழே உட்கார்ந்தாள். மகளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரல்களைத் தடவினாள்.

"இதெல்லாம் ஒரு நோவாடி? இந்தக் காலத்துல யாருக்குத்தான் கை கால் வலி இல்ல? மாத்திரை துன்னா சரியாப் போயிடும். நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்."

"அப்போ மாப்பிள்ளை வீட்ல சொல்லிடலாமா?" என்றான் வேணு.

"வாயை மூடுடா!"

கமலம்மா எழுந்தாள். மருமகளை ஒருமுறை பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து பத்மினிக்குப் போட்டாள்.

"கண்ணு, நான்தாம்மா. ஆமாம்மா, மனோரமாவுக்குத்தான், கேட்டேன். பாவம், வாய் விட்டுச் சொல்லாமயே கஷ்டப்பட்டுக்கினு இருந்திருக்கா. அவ அம்மா வீட்டுக்கா? ஐயையோ, அங்கெல்லாம் அனுப்புவனா? எங்க வீட்டுப் பொண்ணு, நாங்கதான் வைத்தியம் பாக்கணும். என்னம்மா இப்படிக் கேட்டுட்ட... எனக்கு மக வேற, மருமக வேறயா?"