கடலரசியின் கேள்வி

இனிமேல் வரப்போகிற காலத்துக் கதை இது, கண்ணுகளா. அப்போது மனநல ஆலோசகருக்கு, ஆலோசனை கேட்டு வந்தவர்தான் முதலில் பரீட்சை வைக்க வேண்டும். நம்மைப் புரியாதவர் என்றால் ஃபெயில் போட்டு அனுப்பிவிடலாம்.

நாகப்பட்டினத்துக் கடலரசி இரண்டு பேரை அப்படி அனுப்பியிருந்தாள். கடைசியாக மிச்சமிருந்த ஆலோசகர் கோயம்புத்தூர்ப் பெண் நிவேதிதா. அவளிடமும் அதே கேள்விதான்.

"கடலுக்குப் போன எங்க வீட்டுக்காரர் மூணு மாசமா திரும்பல. உலையில அவருக்கும் சேத்து அரிசி போடணுமா, வேணாமா?"

முதலாமவர், மீனவர் வழக்கப்படி போடலாம் என்றிருந்தார். அடுத்தவர் நிறுத்துவதே நல்லது என்றிருந்தார்.

நிவேதிதா யோசித்தாள். "எனக்குத் தெரியலக்கா. இன்னைக்குப் போட்டீங்களா?"

"போட்டேன். தெனம் மறுநாள் பழையதா நான்தான் திங்கிறேன்." கடலரசி அவர் பங்குச் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறந்தாள். அறையெல்லாம் கருவாட்டுக் குழம்பு வாசம். "ஒரு வாய் திங்கிறியா?"

"கருவாடு தின்னதே இல்லக்கா. முள்ளெடுத்துக் குடுத்தா தின்னுவேன்."

"நல்லா படிச்ச போ. அந்த மனுசனுக்கும் நான்தான் முள்ளெடுக்கணும். கடக்கரையில பொறந்த ஆளு, முள்ளுன்னா பயம்..."

முள்ளை எடுத்தபடியே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் அன்றுதான் அவர் பங்குச் சோறு அன்றைக்கே தீர்ந்தது.