மூக்குக்காரி

முதல் கிண்ணத்தை முகர்ந்ததுமே என் மனைவி முகம் சுளித்தாள்.

"மீன் வாடை."

என் தொட்டியில் மீனே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சைதான் இருந்தது. சர்க்கரைக் கரைசலை வயிறார ஊட்டி, தழைச்சத்துக்கு மட்டும் பட்டினி போட்டால், அது தன் இழைகளுக்குள் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அதிலிருந்து எடுக்கும் எண்ணெய் கைக்குழந்தைகளின் பால்மாவுக்குப் போகிறது. காற்றுப் பட்டுக் கெட்டால்தான் மீன் போல நாறும்.

இது கெடவில்லை. நான் தனியாகப் பொறுப்பேற்று ஓட்டிய முதல் தொட்டி, எனக்குத் தெரியாதா? கருவிகளும் சுத்தம் என்றே சொல்லியிருந்தன.

ஆனால் எங்கள் ஆலையில் கடைசித் தீர்ப்பு, எண்ணெயை முகர்ந்தே தரம் சொல்லும் மூக்குக்காரியான என் மனைவியுடையது. அவள் வேண்டாம் என்றால் மொத்தமும் சாக்கடைக்கு.

"வீட்டுக் கோபத்தை இங்க காட்டாத," என்றேன், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றபடி.

"சட்டைய மோந்தே எந்தக் கடையில டீ குடிச்சீங்கன்னு சொல்றவ நான். பேசாம நில்லுங்க."

உள்ளே இருப்பது தெரியாத கருநீலக் கிண்ணங்கள். இரண்டாவதையும் தள்ளிவைத்தாள்.

மூன்றாவதை நீட்டியவர் ஆய்வுக்கூடத் தலைவி. எங்கள் எல்லோருக்கும் அக்கா.

"ஐயோ, இதுதான் ரொம்ப மோசம்," என்று என் மனைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா அந்தக் கிண்ணத்தை வாங்கி மடமடவென்று குடித்தார்.

"வெறும் தண்ணி," என்றார்.

முகர்பவரின் மூக்கையே சோதிக்க ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது அவர் வழக்கம். எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மற்ற இரண்டையும் தானே முகர்ந்து பார்த்தார். "எண்ணெயில ஒரு குறையும் இல்ல தம்பி. உன் தொட்டி பிழைச்சுது."

"நான்தான் சொன்னேனே," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இரண்டு பெண்களும் என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா நாற்காலியை அவள் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாள் எவ்வளவு தள்ளியிருக்கு?"

என் மனைவி விரல்விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை.

நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.