பதினெட்டாவது ஆள்

இந்திய அகதி முகாம்களிலிருந்து தோட்டவெளிக்குத் திரும்பி வந்தவர்களின் வீட்டுப் பட்டியல் அலுவலகக் கணினியில் மூன்று நாளாகப் பதினேழாம் பெயரோடு நின்றிருந்தது. மற்றக் குடும்பங்களுக்கு வீட்டுக் கடிதம் கொடுக்க முடியவில்லை.

“இண்டைக்கும் என்ர பேர் வராட்டி இந்தக் கந்தோருக்குள்ளயே அடுப்பு மூட்டுவன், பிள்ளை,” என்று சிரித்துவிட்டு, பத்தொன்பதாம் பெயர்க்காரி பெற்றிசியா வெளியே வரிசைக்குப் போனாள்.

கணினிக்குப் பொறுப்பான ஜெனிஸ்ரா, பட்டியலை ஓட்டத் தான் எழுதிய கணினி நிரலை வரிவரியாக வாசித்தாள். பதினெட்டாவது பெயர், மண்டபம் முகாமில் இறந்துபோன அமிர்தநாயகம். இறந்தவர் பெயர் வந்தால் ‘அடுத்ததற்குப் போ’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘வெளியேறு’ என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு சொல்லை மாற்றியதும் பட்டியல் அறுபத்தொன்று வரை ஓடியது.

மனம் குளிர்ந்துபோய்ப் பெற்றிசியாவைக் கூப்பிட்டு வீட்டுக் கடிதத்தை நீட்டினாள்.

“தெரியும் பிள்ளை. எனக்கு முன்னால நிண்ட பெரியவர் இப்பதான் விலகி, ‘உங்கட பேர் வந்திட்டுது, போங்கோ’ எண்டவர்.” கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “பாவம், காலமை தொடக்கம் நிக்கிறார். ஒரு கதிரை குடுங்கோ.”

ஜெனிஸ்ரா எட்டிப் பார்த்தாள். வரிசையின் முகப்பில் ஓராள் நிற்குமளவு இடம் வெறுமையாக இருந்தது. தன் கதிரையைக் கொண்டுபோய் அங்கே வைத்தாள்.

வெயில் ஏறியது. கால் கடுக்க நின்ற அத்தனை பேரில் ஒருவரும் அதில் உட்காரவில்லை. முறை வந்தவர்கள் அதைவிட்டுச் சற்று விலகி, தலையசைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.