பின்வரிசை ரோஜா

"மறுபடியும் ஒண்ணு குறையுது!"

கணவரின் கல்லறை முன்னால் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு திறப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. ஐந்து ரோஜா வைத்தாள். நாலுதான் இருக்கிறது. மருந்துக்கடையில் மாத்திரை எண்ணியே தலை நரைத்தவளுக்குக் கணக்கு தப்புமா?

வாரா வாரம் இதே கூத்துதான். ஆனால் இன்றைக்குப் பார்த்தா நடக்க வேண்டும்!

அது ஊருக்கே பொதுவான பழைய கல்லறை மண்டபம். சுவர் முழுக்க வரிசை வரிசையாக மாடங்கள், மாடத்துக்கு ஒருவர். இடம் போதவில்லை என்று மாநகராட்சி இன்று கணக்கெடுக்கிறது. முன்பக்கமிருந்து ஒரு அதிகாரி, பின்பக்கமிருந்து ஒரு அதிகாரி. அவர்கள் வரும்போது மாடத்தின் முன்னால் சொந்தக்காரர் ஒருவர் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் சிவப்புக் குறி. குறி விழுந்தால் எலும்பு பொதுக்குழிக்கு.

'வாயில்லாப் பூச்சி, அந்த மனுஷனைக் கும்பலோட கும்பலாப் போட்டுடுவாங்களே' என்று நேற்றிலிருந்தே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தண்ணீர் பிடிக்கப் போன மருமகளையும் காணோம். முன்வாசலில் அதிகாரியின் குரல் கேட்டது.

பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த பெண் கண்ணில் பட்டாள்.

"நில்லுடி! வாரா வாரம் நீதானே எடுக்கற? செத்தவங்ககிட்ட திருடறியே, உனக்கே நல்லாருக்கா?"

அந்தப் பெண் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான் ஏம்மா எடுக்கறேன்? உங்க பூ பின்வரிசையில இருக்கு. போய்ப் பாருங்க."

"பின்வரிசையிலயா? யாரு கொண்டுபோனா?"

"என் வாயைப் பிடுங்காதீங்க."

போவதா, நிற்பதா?

"அதிகாரி வந்தா நீ கொஞ்சம் இங்க நில்லேன்."

"நான் நின்னா செல்லாதும்மா. சொந்தம்தான் நிக்கணும். அவர் வர்றதுக்குள்ள ஓடிட்டு வந்துடுங்க."

முட்டிவலியோடு ஓடினாள்.

பின்வரிசையில் தண்ணீர்க் கேனைக் கீழே வைத்துவிட்டு மருமகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னாலிருந்த மாடத்தில் அந்த ரோஜா.

"நீயா!" மூச்சு வாங்கியது. "வீட்டுக்குள்ளயே திருட்டா? யாருக்குடி வச்சிருக்க?"

கல்லில் செதுக்கியிருந்த பெயரைப் படித்தவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

அவளுடைய மாமியார், கணவரைப் பெற்றவள்.

செத்தாலும் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சபதம் போட்டு, சாவுக்கும் போகாமல், இந்த வரிசைப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் யாரை இவள் ஒதுக்கி வைத்திருந்தாளோ, அந்த மாமியார்.

"என் பூவை எடுத்து இவளுக்கு வைக்க உனக்கு என்ன தைரியம்!"

"மாமா சொல்லித்தான் அத்தை."

"எந்த மாமா? என் புருஷனா?"

"ஆஸ்பத்திரியில, கடைசியா. 'எனக்கு வைக்கிற பூவுல ஒண்ணு எங்கம்மாவுக்குப் போயிடணும்மா. உங்க அத்தைக்குத் தெரிய வேண்டாம். எங்கம்மா உயிரோட இருந்தப்பவும் அவளுக்குத் தெரியாமத்தான் எல்லாம் செஞ்சேன்'னு சொல்லி அழுதார்."

அவர் கடையைப் பூட்டிவிட்டு நேரம் கழித்து வீட்டுக்கு வந்த சாயங்காலங்கள், கேட்டால் ஒரு அசட்டுச் சிரிப்பு, எல்லாம் நினைவுக்கு வந்தன. வாயில்லாப் பூச்சி என்று ஊரெல்லாம் சொன்னாளே, அவரை வாயைத் திறக்க விட்டாளா? வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"அத்தை, மாமாகிட்ட ஓடுங்க. முன்பக்க அதிகாரி அந்த வரிசைக்கு வந்துட்டார் போலிருக்கு. இங்க நான் பார்த்துக்கறேன்."

அதற்குள் பின்பக்கத்து அதிகாரி, பக்கத்து மாடத்தில் சிவப்புக் குறி போட்டுவிட்டு, சாயம் சொட்டும் தூரிகையோடு இவர்கள் முன்னால் வந்து நின்றார்.

"இவங்களுக்குச் சொந்தம்னு யாராவது இருக்காங்களா?"

மருமகள் வாயெடுத்தாள். அவள் விடவில்லை.

"நீ போய் உங்க மாமாகிட்ட நில்லு" என்று அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"நான் இருக்கேன். இவங்க மருமக."