நன்னடத்தைச் சாட்சி

அந்த ஆளின் படத்தை அவள் ஏழாவது முறையாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். மீசைக்குப் புதிதாக மை பூசியிருந்தார். கழுத்துப் பட்டன்வரை இறுக்கிப் போட்ட சட்டை, போதாக்குறைக்கு ஒரு கூச்சச் சிரிப்பு வேறு.

“என்ன மேடம், ஆளைப் பிடிச்சுப் போச்சா?” என்றார் பக்கத்து மேஜைக்காரர். முன்பு ஸ்டூடியோவில் படம் பிடித்தவர். இப்போது அவளுடைய டேட்டிங் தளத்துக்கு வரும் படங்கள் அசலா போலியா என்று சலித்துப் பார்ப்பது அவர் வேலை. யாரையும் லேசில் நம்பமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘சந்தேகம்’.

“எங்கப்பாண்ணே அது.”

சந்தேகம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஐம்பது தாண்டியவர்கள் துணை தேடும் தளம் அவளுடையது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஜோடி சேர்த்துவைத்தவளுக்கு, அம்மா போன பிறகு நாலு வருஷமாக டிவியோடு பேசிக்கொண்டிருக்கும் அப்பாவைப் பார்த்தால் மனசு கேட்காது. “டேட்டிங்கா? அந்த வார்த்தையே காதுக்கு நல்லால்லம்மா” என்றவரைக் கெஞ்சிக் கூத்தாடிப் பதிவு செய்ய வைத்திருந்தாள். ‘உங்களைப் பற்றி’ என்ற இடத்தில் மனிதர் ‘சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தார்.

அப்படிப்பட்டவர் இன்று காலையிலிருந்து நாலு தரம் போன் பண்ணிவிட்டார். “தளத்துல என் பக்கம் வந்துடுச்சாம்மா?”

வரவில்லை. ஒரு விசாரணை பாக்கி இருந்தது.

பதிவு செய்கிறவர்கள், சொந்தக்காரர் அல்லாத ஒருவரின் எண்ணைத் தர வேண்டும். ‘ஆள் எப்படி?’ என்று அவளே கூப்பிட்டுக் கேட்பாள். அந்தச் சாட்சி உதட்டைப் பிதுக்கினால் பதிவு ரத்து. இரண்டு பெண்டாட்டிக்காரர் ஒருவர் மூன்றாவது தேடி வந்து மாட்டிய நாளிலிருந்து இந்தக் கெடுபிடி.

அப்பா தந்திருந்தது எதிர் வீட்டு டீச்சரின் எண். கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். அப்பா வீட்டுக்குப் போகும்போது அவள் அவரைப் படிக்கட்டில் இரண்டொரு தரம் பார்த்துத் தலையசைத்ததோடு சரி.

“உங்கப்பாதானே மேடம்? போனெல்லாம் எதுக்கு, ஏத்தி விட்டுடுங்க.”

“ஊருக்கு ஒரு சட்டம், எங்கப்பாவுக்கு ஒரு சட்டமாண்ணே?”

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் டீச்சர். தளத்தின் பெயரை மட்டும் சொல்லி விஷயத்தைக் கேட்டாள்.

“அவரா? ஐயையோ, வேண்டவே வேண்டாம்!”

அவள் நடை நின்றது. “ஏங்க, என்ன விஷயம்?”

“மூக்குக்கு மேல கோபம். குழம்புல ஒரு கல்லு உப்பு கூடினா தட்டு பறக்கும். சரியான உம்மணாமூஞ்சி வேற, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார்.”

“உங்களுக்கு நல்லாத் தெரியுமா?”

“தெரியாம என்ன? நேத்து சாயங்காலம்கூட மாடில ரெண்டு மணி நேரம் பேசிட்டிருந்தோம். நான் ஒண்டிக்கட்டை, பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?”

தட்டு பறந்ததற்கு மேல் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பெற்ற மகளுக்குத் தெரியாத அப்பாவா? ஆனால் கல்யாணமாகி அந்த வீட்டைவிட்டு வந்து பதினாறு வருஷமாயிற்றே. அம்மா எப்போதும் தணிந்த குரலில்தான் பேசுவாள். அது அவள் சுபாவம் என்றல்லவா நினைத்திருந்தோம்!

“குடிப்பழக்கம்...?” கேள்வித்தாளில் அடுத்தது அதுதான்.

“அதை ஏன் கேக்கறீங்க!”

நடுவில் அப்பாவின் ஐந்தாவது அழைப்பு வந்து காதோரம் அதிர்ந்தது. துண்டித்தாள். திரையில் ‘நிராகரி’ என்ற சிவப்புப் பட்டன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அமுக்கினால் அப்பாவிடம் என்ன காரணம் சொல்வது? அமுக்காவிட்டால், எந்தப் பெண்ணின் தலையில் இவரைக் கட்டுவது? சந்தேகம் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டுத் தன் மேஜைக்குத் திரும்பினார்.

“டீச்சர்... நான் கம்பெனி ஆள் மட்டும் இல்ல. அவரோட பொண்ணுதான் பேசறேன்.”

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

“எங்கம்மா முப்பத்திரண்டு வருஷம் அவர்கூட இருந்தாங்க. அவங்களையும் இப்படித்தான் படுத்தினாரா? எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க.” சொல்லி முடிப்பதற்குள் அழுதேவிட்டாள்.

“ஐயோ, அழாதேம்மா! நான் ஒரு பைத்தியக்காரி. அத்தனையும் பொய். தட்டாவது, பறக்கறதாவது! அந்த மனுஷன் தங்கம்மா, தங்கம்.”

அழுகை நின்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. “அப்புறம் எதுக்கு டீச்சர் வாய் கூசாமப் பழி போட்டீங்க? அவருக்கு ஒரு துணை கிடைச்சா உங்களுக்கு என்ன?”

டீச்சர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, வகுப்பில் மாட்டிக்கொண்ட சின்னப் பெண்ணைப் போல முனகினார்:

“எதிர் வீட்ல நான் இருக்கறப்போ, அவருக்கு வெப்சைட் எதுக்கும்மா?”